தண்டர்பேர்ட்ஸும் பூமாலையும்: மீட்பு விமானம் யாரிடம் அனுமதி கேட்கிறது?

ஐரோலியில் தாணே கழியோரம் நின்று தெற்கே நோக்குபவர்க்கு, மும்பை விமான நிலையத்தை நோக்கி ஒன்றன்பின் ஒன்றாகத் தாழ்ந்து வரும் விமானங்களைக் காண்பது அன்றாட வழக்கம். மேற்கிலிருந்து காற்று வீசும் நாள்களில் அவை கிழக்கேயிருந்து கழியைக் கடந்து, காட்கோபருக்கு மேலாகச் சென்று தரை தொடும். தாராவி, மாட்டுங்கா, செம்பூர்ப் பகுதிகளிலிருந்து கழிக்கு அப்பால் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இது கவனத்தை ஈர்க்காத காட்சியாகவே இருக்கும். ஆயினும் அந்த விமான நிலையத்திற்கு இருமுறை வேறுவகைப் பயணிகள் வந்து சேர்ந்தனர். 1990இல் குவைத்திலிருந்தும் 2015இல் ஏமனிலிருந்தும் போருக்குத் தப்பியவர்கள் அவர்கள். முதல் முறை அவர்களைச் சுமந்து வந்தவை பெரும்பாலும் பயணிகள் விமானங்கள். இரண்டாம் முறை அவற்றோடு விமானப்படையின் போக்குவரத்து விமானங்களும் வந்தன.

எந்த விமானம் எப்போது வந்தது என்ற இவ்வேறுபாட்டை இயந்திரங்களின் திறனைக் கொண்டு மட்டும் விளக்கிவிட முடியாது. அதை விளங்கிக்கொள்ளச் சற்றுத் தொலைவிலிருந்து தொடங்க வேண்டும். மீட்புக்கென்றே ஒரு விமானம் எப்படி இருக்க வேண்டும் என்று அறுபது ஆண்டுகளுக்கு முன் ஓர் அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடர் மிக விரிவாகக் கற்பனை செய்தது. அக்கற்பனையை உண்மை வரலாற்றின் அருகில் வைத்துப் பார்க்கும்போது, எது நிகழ்ந்தது, எது நிகழவே இல்லை என்பது தெளிவாகிறது.

1. 1965: கற்பனையின் பிறப்பு

1963 அக்டோபர் 24 அன்று மேற்கு ஜெர்மனியின் லெங்கேடே இரும்புச் சுரங்கத்துள் வெள்ளம் புகுந்தது. உள்ளே இருந்த 129 பேரில் 29 பேர் இறந்தனர். இடிந்த பகுதியொன்றில் சிக்கிய 11 பேர், இரண்டு வாரங்களுக்குப் பின், துளையிட்ட குழாய் வழியே உயிருடன் மேலே கொண்டுவரப்பட்டனர். அதற்குத் தேவைப்பட்ட கனரகத் துளைக் கருவியைத் தொலைவிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது. அச்செய்தியைக் கேட்ட பிரித்தானியத் தயாரிப்பாளர் ஜெரி ஆண்டர்சனுக்கு ஓர் எண்ணம் தோன்றியது. இத்தகைய கருவிகளை ஆயத்தமாக வைத்திருந்து, உலகின் எம்மூலைக்கும் உடனே கொண்டுசெல்லும் ஓர் அமைப்பு இருந்தால் என்ன?

ஜெரி ஆண்டர்சனும் சில்வியா ஆண்டர்சனும் உருவாக்கிய ‘தண்டர்பேர்ட்ஸ்’ பொம்மலாட்டத் தொடர் 1965 செப்டம்பர் 30 அன்று ஒளிபரப்பாகத் தொடங்கி, 1966 இறுதிக்குள் 32 அத்தியாயங்களில் நிறைவுற்றது. விண்வெளி வீரராக இருந்து பெருஞ்செல்வரான ஒரு தந்தையும் அவருடைய ஐந்து மகன்களும் தனித்தீவொன்றில் இருந்துகொண்டு ‘பன்னாட்டு மீட்பு’ என்னும் இரகசிய அமைப்பை நடத்துகின்றனர். இரண்டு விமானங்கள் இத்தொடரின் முகங்களாயின. முதலாவது, சிறகுகளை மடக்கி விரிக்கும், செங்குத்தாக எழுந்து இறங்கும் அதிவேக ஊர்தி. இரண்டாவது, வயிற்றுப் பகுதியில் கழற்றி மாட்டக்கூடிய சரக்குக் கூண்டில் மீட்புக் கருவிகளைச் சுமக்கும் பச்சை நிறப் பேரூர்தி. டெரெக் மெடிங்ஸின் குழு இம்மாதிரிகளுக்குப் புகைக்கறையும் துருவும் பூசி, உழைத்துக் களைத்த இயந்திரங்களாகக் காட்டியது.

தொடரின் பெயரே இராணுவத்திலிருந்து வந்தது என்பது குறிப்பிடத்தக்கது. ஜெரியின் அண்ணன் லயனல் பிரித்தானிய விமானப்படை வீரர். பயிற்சிக்காக அமெரிக்காவின் அரிசோனாவுக்கு அனுப்பப்பட்ட அவர், அங்கிருந்த ‘தண்டர்பேர்ட்’ விமானத் தளத்தைப் பற்றி வீட்டுக்கு எழுதியிருந்தார். 1944இல் அவர் போரில் உயிரிழந்தார். கடிதத்தில் எஞ்சிய அப்பெயரே இருபது ஆண்டுகளுக்குப் பின், யாரையும் கொல்லாத விமானங்களுக்குச் சூட்டப்பட்டது.

காலப் பொருத்தமும் கவனத்திற்குரியது. தொடர் தொடங்கிய அதே 1965இல்தான் பிரித்தானிய அரசு செலவு தாங்காமல் டிஎஸ்ஆர்-2 என்னும் தன் மிக முன்னேறிய தாக்குதல் விமானத் திட்டத்தைக் கைவிட்டது. செங்குத்தாக எழும் மீயொலி வேகப் போர் விமானமான பி.1154 திட்டமும் அவ்வாண்டே நிறுத்தப்பட்டது. நாடு கட்டமுடியாமற் போன விமானங்களின் சாயல் தொலைக்காட்சியில் மீட்பு வடிவம் எடுத்தது எனலாம். துணைக்கண்டத்திலோ, முதல் அத்தியாயம் ஒளிபரப்பாவதற்கு ஒரு வாரம் முன்புதான் இந்திய பாகிஸ்தான் போர் நின்றிருந்தது. பிரித்தானியாவில் வடிவமைக்கப்பட்ட நாட் விமானங்களும் அமெரிக்க சேபர் விமானங்களும் பஞ்சாபின் வானில் ஒன்றையொன்று சுட்டு வீழ்த்திய மாதம் அது.

2. கற்பனையில் மீட்பு, நனவில் போர்

இத்தொடர் காட்டிய நுட்பங்களில் எவை நனவாயின? வேகத்தை முதலில் நீக்கிவிடலாம். முதல் ஊர்தியின் வேகம் மணிக்கு 15,000 மைல், அதாவது ஏறத்தாழ 24,000 கிலோமீட்டர் என்று புனைவு கூறுகிறது. மனிதர் ஓட்டிய சிறகுள்ள விமானங்களில், வளிமண்டலப் பறத்தலுக்கான உச்ச வேகத்தை எக்ஸ்-15 என்னும் அமெரிக்க ஆய்வு விமானம் 1967 அக்டோபரில் எட்டியது. அது மணிக்கு ஏறத்தாழ 7,270 கிலோமீட்டர். கற்பனையின் மூன்றில் ஒரு பங்கைக்கூட அது தொடவில்லை.

ஆனால் மற்ற இரண்டு நுட்பங்கள் உண்மையாயின. மடங்கும் சிறகுடன் அமெரிக்க எஃப்-111 குண்டுவீச்சு விமானம் 1964 டிசம்பரிலேயே பறந்தது. செங்குத்தாக எழும் ஹாக்கர் பி.1127 விமானம் 1960 அக்டோபரில் தரையைவிட்டு எழுந்து நின்று காட்டியது. அதன் வழித்தோன்றலே ஹாரியர். இவ்விரு நுட்பங்களும் இந்தியாவுக்கும் வந்தன. 1980களின் தொடக்கத்தில் மடங்கும் சிறகுடைய மிக்-23 விமானங்கள் விமானப்படையில் சேர்ந்தன. அவற்றின் உறவான மிக்-27 விமானங்கள் நாசிக் அருகே ஓஜரில் உள்ள ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் ஆலையில் கட்டப்பட்டு, 2019 டிசம்பர் வரை பறந்தன. கடற்படையின் சீ ஹாரியர்கள் 1983இல் கோவா வந்திறங்கி, 2016இல் ஓய்வு பெற்றன.

ஆக, தண்டர்பேர்ட் முதல் ஊர்தியின் இரு பெரும் வியப்புகளும் மகாராஷ்டிரத்திலும் கோவாவிலும் நடைமுறையில் இருந்தவையே. அவ்விமானங்களோ போருக்கெனக் கட்டப்பட்டவை. அவற்றின் சிறகு மடங்கியது எதிரியின் ராடாருக்குக் கீழே விரைந்து சென்று குண்டு வீசுவதற்காக. அவை செங்குத்தாக இறங்கியது சிறிய போர்க்கப்பலின் தளத்தில் நிற்பதற்காக. ஓட்டுநரைத் தவிர இன்னொரு மனிதரை ஏற்றிவர அவற்றில் இடமில்லை.

இரண்டாம் ஊர்தியின் கழற்றி மாட்டும் கூண்டுக்கும் முன்னோடி உண்டு. அமெரிக்காவின் எக்ஸ்சி-120 என்னும் விமானம் 1950இல் இம்முறையில் பறந்தது. ஒன்றே ஒன்று கட்டப்பட்டதோடு திட்டம் முடிந்தது. பின்பக்கச் சரிவுக் கதவைத் திறந்து சரக்கை நேரே உள்ளே ஏற்றும் சாதாரண முறையே போதுமானதாக இருந்ததால், அம்முறையே நிலைத்தது. உலகெங்கும் உண்மையான மீட்புப் பணியின் பெரும்பகுதியைச் செய்தவை விரைவற்ற ஹெலிகாப்டர்களும், படையினரையும் தளவாடங்களையும் ஏற்றுவதற்காகச் செய்யப்பட்ட பருத்த போக்குவரத்து விமானங்களும்தான். நவீன அரசுகள் தம் வானியல் அறிவின் கூர்முனையைப் போருக்கு ஒதுக்கி, மீட்புக்கு அதன் தடித்த பகுதியைக் கொடுத்தன.

3. 1987: உணவைச் சுமந்த விமானமும் காவல் வந்த விமானமும்

தமிழர் வரலாற்றில் மீட்பு விமானமும் போர் விமானமும் ஒரே வானில் அருகருகே பறந்த நாள் 1987 ஜூன் 4.

அவ்வாண்டின் தொடக்கத்திலிருந்தே யாழ்ப்பாணக் குடாநாட்டின் மீது இலங்கை அரசு எரிபொருள் உள்ளிட்ட பொருள்களுக்குத் தடை விதித்திருந்தது. மே 26 அன்று வடமராட்சியில் பெரும் படை நடவடிக்கை தொடங்கியது. ஜூன் 3 அன்று இராமேசுவரத்திலிருந்து செஞ்சிலுவைக் கொடியேந்திய படகுகளில் இந்தியா உணவும் மருந்தும் அனுப்பியது. நடுக்கடலில் இலங்கைக் கடற்படை அவற்றைத் தடுத்தது. படகுகள் திரும்பின.

மறுநாள் பிற்பகல் பெங்களூருவிலிருந்து ஐந்து ஏஎன்-32 போக்குவரத்து விமானங்கள் புறப்பட்டன. மிராஜ் 2000 போர் விமானங்கள் அவற்றுக்குக் காவலாகச் சென்றன. புதுதில்லியில் வெளியுறவுத் துறை இணையமைச்சர் நட்வர் சிங், இலங்கைத் தூதர் பெர்னார்ட் திலகரத்னவை அழைத்து, விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மீது உணவுப் பொருள்களை வீசும் என்றும், தடுத்தால் வலிமையால் எதிர்கொள்ளப்படும் என்றும் தெரிவித்தார். அனுமதி கேட்கப்படவில்லை, முன்னறிவிப்பே தரப்பட்டது. மாலையில் யாழ்ப்பாணத்தின் மீது பாராசூட்டுகளில் ஏறத்தாழ 25 டன் பொருள்கள் இறங்கின. இந்நடவடிக்கைக்கு ‘பூமாலை’ என்னும் தமிழ்ப் பெயரே இடப்பட்டிருந்தது.

விமானங்களின் இணைப்பை நோக்குக. ஏஎன்-32 மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் உந்துவிசிறி விமானம். தற்காப்புக்கென அதனிடம் பெரிதாக ஏதுமில்லை. மிராஜ் ஒலியைப்போல் இரு மடங்குக்கு மேல் விரையும் பிரெஞ்சுப் போர் விமானம். அது இந்தியாவுக்கு வந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. இலங்கை விமானப்படையிடம் அன்று அதற்கு ஈடான ஒன்றுமில்லை. எனவே மிராஜ்கள் ஒரு குண்டும் சுடாமல் திரும்பின. அவற்றின் பணி சுடுவதன்று. கேட்கப்படாத அனுமதியின் இடத்தை நிரப்புவதே அவற்றின் பணி.

25 டன் என்பது எவ்வளவு? ஐந்து இலட்சம் பேருக்குப் பகிர்ந்தால் தலைக்கு 50 கிராம். பசிக்கு அது ஒரு பிடிக்கும் குறைவு. அரசியலுக்கோ அது மிகப் பெரிய எடை. கொழும்பு இதைத் தன் இறையாண்மை மீதான அத்துமீறல் என்று கண்டித்தது. எட்டு வாரங்களுக்குள், ஜூலை 29 அன்று, இந்திய இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணத்தில் இறங்கியது. அக்டோபரில் அது விடுதலைப் புலிகளோடு போரில் இறங்க, உணவுப் பொதிகள் விழுந்த அதே நகரம் இந்தியப் படையின் போர்க்களமானது.

பூமாலையை வெறும் நாடகம் என்று தள்ளுவது எளிது. தூய மனிதநேயம் என்று போற்றுவதும் எளிது. இரண்டும் முழுமையாகா. அன்று அப்பொதிகளைப் பெற்றவர்க்கு அவை மெய்யான உணவே. ஆயினும் அதைச் சுமந்த விமானம் ஓர் அரசின் சொல்லாகவும் பறந்தது. அனுமதியின்றி எல்லை கடக்கும் மீட்பு விமானத்திற்குப் போர் விமானம் துணை வர வேண்டியிருக்கிறது. துணை வந்ததும் மீட்பின் பொருள் மாறிவிடுகிறது.

4. 1990: சீருடையில்லாத விமானம்

மூன்றாண்டுகளுக்குப் பின் இதன் மறுபக்கம் வெளிப்பட்டது. 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் குவைத்தைக் கைப்பற்றியபோது, அங்கே ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமான இந்தியர் இருந்தனர். கேரளத்தவர் மிகுதி, தமிழரும் ஆயிரக்கணக்கில் இருந்தனர். வெளியுறவு அமைச்சர் ஐ.கே. குஜ்ரால் பாக்தாத் சென்று சதாம் உசேனைச் சந்தித்தார். அவர் திரும்பியபோது விமானப்படை விமானத்தில் ஒரு தொகுதி இந்தியரும் உடன் வந்தனர்.

இராணுவ விமானங்களைக் கொண்டே இவ்வளவு பெரிய வெளியேற்றத்தை நடத்துவது இயலாதென்பது விரைவில் தெரிந்தது. போர் மேகம் சூழ்ந்த வளைகுடாவில், படைச்சின்னம் பொறித்த விமானத்திற்கு ஒவ்வொரு முறையும் வான்வெளி அனுமதி பெறுவது கடினமாக இருந்தது. ஆகவே பயணிகள் விமானங்கள் பொறுப்பேற்றன. மக்கள் குவைத்திலிருந்து பாக்தாத் வழியாகப் பேருந்துகளில் பாலைவனம் கடந்து ஜோர்டானின் அம்மானை அடைந்தனர். கடவுச்சீட்டு இல்லாதவர்க்கு அவசரப் பயண ஆவணங்கள் வழங்கப்பட்டன. அம்மானிலிருந்து ஏர் இந்தியா விமானங்கள் அவர்களைப் பம்பாய்க்குக் கொண்டுவந்தன.

கின்னஸ் பதிவின்படி, 1990 ஆகஸ்ட் 13 முதல் 59 நாள்களில் 488 விமானப் பயணங்களில் 1,11,711 பேர், 4,117 கிலோமீட்டர் தொலைவு கடந்து கொண்டுவரப்பட்டனர். நாளொன்றுக்கு எட்டுப் பயணங்கள், பயணமொன்றுக்கு ஏறத்தாழ 229 பேர். தண்டர்பேர்ட் முதல் ஊர்தி இத்தொலைவைப் பத்தே நிமிடங்களில் கடந்திருக்கும். அவ்வேகம் அங்கே பயன்பட்டிராது. குவைத்தில் சிக்கியவர்க்குத் தேவைப்பட்டவை இருக்கைகள், எரிபொருள், பணியாளரின் ஓயா உழைப்பு, ஜோர்டான் அரசின் இசைவு, மீண்டும் மீண்டும் அதே வழியில் பறக்கும் பொறுமை. மீட்பு என்பது ஒரு பாய்ச்சலாக அமையாமல், ஓர் அட்டவணையாக அமைந்தது. தொலைக்காட்சித் தொடர் எதுவும் காட்டத் துணியாத வடிவம் அது. ஐம்பது நிமிடத்தில் அடங்காதது.

5. 2015: கற்பனை முன்னரே கண்ட காட்சி

2015 மார்ச் 26 அன்று சவுதி தலைமையிலான கூட்டணி ஏமன் மீது வான்தாக்குதல் தொடங்கியது. இந்தியாவின் ‘ராஹத்’ நடவடிக்கையில் முன்சொன்ன இரண்டு முறைகளும் இணைந்தன. போர் வானுக்குள் புகுந்து சனா நகரில் இறங்கும் கடினமான பணியை ஏர் இந்தியாவின் பயணிகள் விமானங்கள் ஏற்றன. நாள்தோறும் சவுதி தரப்பு அனுமதித்த சில மணி நேரத்திற்குள் அவை சென்று திரும்ப வேண்டியிருந்தது. செங்கடலுக்கு அப்பால், அமைதியான ஜிபூட்டியில் விமானப்படையின் சி-17 விமானங்கள் காத்திருந்தன. ஏறத்தாழ 77 டன் சுமக்கவல்ல, டாங்கிகளை ஏற்றுவதற்கென வடிவமைக்கப்பட்ட அப்பெருவிமானம் போர் எல்லைக்கு வெளியே நிற்க, ஆயுதமோ காப்போ இல்லாத பயணிகள் விமானம் உள்ளே சென்றது. வலிமையை மட்டும் அளவுகோலாகக் கொள்பவர்க்கு இது தலைகீழாகத் தோன்றும். அனுமதியை அளவுகோலாகக் கொண்டால் இதுவே இயல்பான ஏற்பாடு.

ஏதன் துறைமுகத்திலிருந்து கடற்படையின் சுமித்ரா என்னும் கப்பல் ஏறத்தாழ 350 பேரை ஜிபூட்டிக்குக் கொண்டுசேர்த்தது. அவர்கள் சி-17 விமானங்களில் ஏறி ஏப்ரல் 2 அதிகாலை மும்பையிலும் கொச்சியிலும் இறங்கினர். மும்பை நகரின் பெயரையே தாங்கிய நாசகாரிக் கப்பலும் ஏதன் சென்று மக்களை மீட்டது.

இங்கே பழைய தொடரின் ஓர் அத்தியாயம் நினைவுகூரத் தக்கது. நியூயார்க் நகரில் நிகழ்வதாக அமைந்த அக்கதையில், பணி முடித்துத் திரும்பும் தண்டர்பேர்ட் இரண்டாம் ஊர்தியை இனந்தெரியாத பகை விமானம் என்று கருதி அமெரிக்கக் கடற்படைக் கப்பலொன்று ஏவுகணை வீசுகிறது. ஊர்தி எரிந்து, சிதைந்து, தீவில் வந்து விழுகிறது. அடுத்த விபத்தின்போது அது பறக்கமுடியாத நிலை. மீட்பு நீர்மூழ்கியை நியூயார்க்குக்குச் சுமந்து செல்வது, அதே ஏவுகணையை வீசிய அதே போர்க்கப்பல்தான். இரகசியமாகவும் அரசற்றதாகவும் இயங்கும் மீட்புப் படையைக் கற்பனை செய்தவர்களே, அத்தகைய விமானத்தை ஒரு நாட்டின் படை எப்படிப் பார்க்கும் என்பதையும், இறுதியில் யாருடைய கப்பல் தேவைப்படும் என்பதையும் அறிந்திருந்தனர்.

6. எது கற்பனை?

தொடரில் மீட்போர் ஆபத்தில் சிக்கினாலும் உயிர் பிழைத்துவிடுகின்றனர். உண்மையில் 2013 ஜூன் 25 அன்று, உத்தராகண்ட வெள்ளத்தில் மக்களைக் காத்துக்கொண்டிருந்த விமானப்படையின் மி-17 ஹெலிகாப்டர் கௌரிகுண்ட் அருகே விழுந்து, விமானப்படையினரும் பேரிடர் மீட்புப் படையினரும் எல்லைக் காவல் படையினருமாக இருபது பேர் உயிரிழந்தனர். மீட்புக்கும் உயிர்விலை உண்டு என்பதைப் புனைவு மறைத்தது. இது அதன் முதல் குறை.

இரண்டாவதும் பெரியதுமான குறை, எல்லைகளைப் பற்றியது. விமான ஆர்வலர்கள் இன்றளவும் அக்கற்பனை ஊர்திகளின் உந்துவிசையையும் சிறகின் கோணத்தையும் பற்றி வாதிடுகின்றனர். அந்தச் சிறிய முன்னோக்கிய சிறகு அவ்வளவு எடையைத் தாங்குமா என்பது நியாயமான கேள்விதான். ஆயினும் அத்தொடரின் மிகத் துணிச்சலான கற்பனை பொறியியலில் இல்லை. எந்நாட்டின் வானிலும் கேளாமல் நுழையலாம், நுழைந்தும் யாருடைய கருவியாகவும் ஆகாமல் திரும்பலாம் என்பதே அது. 1987இல் கேளாமல் நுழைந்த விமானம் ஓர் அரசின் கரமாயிற்று. 1990இலும் 2015இலும் கேட்டு நுழைந்த விமானங்கள் அனுமதி கிடைத்த வழியிலும் நேரத்திலும் மட்டுமே பறந்தன.

ஆகவே மீட்பு விமானங்களின் வரலாற்றை எழுதப் புகும் மாணவர், இயந்திர விவரங்களோடு நின்றுவிடாமல், வான்வெளி அனுமதிகள், தூதரகத் தந்திகள், பயண ஆவணங்கள் ஆகியவற்றின் சுவடுகளைத் தேட வேண்டும். எந்த விமானம் பறந்தது என்பதைப் போலவே, யார் ஏற அனுமதிக்கப்பட்டனர் என்பதும் அங்கேதான் பதிவாகியிருக்கும்.

அப்பட்டியல்களில் ஒன்று நம்பிக்கை தருவது. ‘ராஹத்’ நடவடிக்கையில் மீட்கப்பட்டோர் ஏறத்தாழ 5,600 பேர். அவர்களுள் 960 பேர் இந்தியர் அல்லர்; 41 நாடுகளைச் சேர்ந்தவர்கள். அரசின் விமானத்திலும் அரசின் கப்பலிலும், அரசுகள் தந்த அனுமதியோடு வந்தவர்கள் அவர்கள். ஆயினும் அந்த 960 பேரைப் பொறுத்தவரை, எந்நாட்டார் என்று பாராமல் கைகொடுக்கும் ‘பன்னாட்டு மீட்பு’ என்ற பழைய கற்பனை சில நாள்கள் உண்மையாக இருந்தது.